கல்லூரி வாசலில் ரோண்டா போட்ட நாற்காலி

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். மதிப்பெண் கேட்க மாட்டார்கள், வயதும் கேட்க மாட்டார்கள். விடுதி கிடையாது, கால்பந்து அணி கிடையாது. சோள வயல்களுக்கு நடுவே ஒரு நீளமான செங்கல் கட்டடம், அதைச் சுற்றிக் கார்கள், அவ்வளவுதான். சமுதாயக் கல்லூரி என்று பெயர். ஓஹையோவில் எங்கள் கார்வெல் மாதிரி ஊர்களில், வேலையை விட்டுவிட முடியாதவர்களும், பிள்ளை குட்டிக்காரர்களும், பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியில்லாத இளசுகளும் இங்கேதான் வந்து சேர்வார்கள்.

என் பெயர் லீலண்ட் மேப்ஸ். முன்வாசல் மேசையில் காவல் வேலை. சட்டையில் அப்படி எழுதியிருக்கிறதே தவிர, நான் திருடனைப் பிடித்ததே இல்லை. காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பேன். வழி கேட்பவர்களுக்குக் கை காட்டுவேன். ஆகஸ்ட் மாதம் கார் நிறுத்த இடமில்லாமல் புல்வெளிமேல் ஏற்றி நிறுத்துவார்கள். நவம்பர் வந்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், அவ்வளவு காலியாக இருக்கும். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருப்பார்கள். வருடா வருடம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டவள் ரோண்டா ப்ரூயிட்.

ரோண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நாற்பதைத் தாண்டிய வயது, அகலமான தோள்கள், பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் எட்டுகிற குரல். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிட்டால், மறுபடி பிற்பகலில்தான் வண்டி எடுக்க வேண்டும். இடையில் இருக்கும் நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் பணிமனையில் சீட்டாடுவார்கள். ரோண்டாவும் பல வருடம் சீட்டுதான் ஆடினாள்.

ஒரு பனிக்காலக் காலையில் அவள் பேருந்திலிருந்து இறங்கிய சிறுமி ஒருத்தி படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் அம்மா வரும்வரை ரோண்டாதான் மருத்துவமனையில் கூட இருந்தாள். எக்ஸ்ரே எடுத்த பெண் அழுத குழந்தையைப் பேசிப் பேசியே அசையாமல் இருக்கவைத்து, கையை இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை வைத்துப் படம் பிடித்ததை ரோண்டா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு திரையில் அந்தச் சின்ன எலும்புகள் தெரிந்தன. அன்று மாலை வீட்டில் கணவன் டார்ரெலிடம், "நான் அந்த வேலைக்குப் படிக்கப் போறேன்" என்றாளாம். டார்ரெல் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் கருவிகளைப் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். "எலும்பைப் பாக்கணும்னா கோழி வாங்கிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆனால் மறுநாள் கல்லூரிக்குத் தொலைபேசி செய்து விவரம் கேட்டதும் அவர்தான்.

அந்த ஆகஸ்டில்தான் அவளை முதலில் பார்த்தேன். தாழ்வாரத்தில் வேகமாக இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, டெஸ்ட் எழுதற ரூம் எது?"

"வலது பக்கம் கடைசிக் கதவு. அவசரமா?"

"ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும். சின்ன டெஸ்டுதானாம். சும்மா ஒரு கணக்குக்காக, இதுல யாரும் ஃபெயில் ஆக மாட்டாங்கன்னு சேர்க்கை ஆபீஸ்ல அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை. அந்தத் தேர்வில் யாரும் தோற்பதில்லை. நீ எந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். ரோண்டா கணக்கைத் தொட்டு இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பாதி கேள்விகளுக்கு யோசித்துப் பதில் போட்டாள். கடிகாரத்தைப் பார்த்ததும் மீதிக்குக் கை போன இடத்தில் தட்டிவிட்டு ஓடினாள். தேர்வு அவளைக் கீழ்ப்படியில் கொண்டுபோய் வைத்தது. அங்கே பின்னத்தில் ஆரம்பிக்க வேண்டும். அதற்குமேல் இன்னும் இரண்டு படி. மூன்றுக்கும் கட்டணம் உண்டு. மூன்றும் பட்டத்துக்குக் கணக்கில் சேராது. அரசு தரும் உதவித்தொகை ஒரு வரம்போடு நின்றுவிடும், அந்தத் தொகையை மட்டும் இந்த வகுப்புகளும் தின்னும்.

அவளுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. பேருந்துத் தொழிலில் விதி என்றால் விதி. சொன்ன வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

பின்ன வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் முடியைப் பச்சையாக்கிய ஒரு பையன் சில நாட்கள் மட்டும் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் அவன் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"நான் மேல் வகுப்புக்குப் போறேங்க. ரெண்டாவது தடவ எழுதினேன், நல்லா வந்துச்சு."

"எதை ரெண்டாவது தடவ எழுதின?"

"அந்த டெஸ்டத்தான். வேணும்னா இன்னொரு தடவ எழுதலாமே. அதுக்கு நேரக் கெடுவும் கிடையாது, உக்காந்து மெதுவா எழுதலாம். லைப்ரரில மாதிரித் தாள்கூட இருக்கு."

"உனக்கு யார் சொன்னாங்க?"

"எங்க அக்கா. அவ இங்கதான் படிச்சா."

ரோண்டா நேரே தேர்வறைக்குப் போனாள். வகுப்புகள் தொடங்கிச் சில வாரம் ஆகிவிட்டதால் மறுதேர்வுக்கான நாள் முந்தின வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. "இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லல" என்று கேட்டிருக்கிறாள். உள்ளே இருந்த பெண் உண்மையிலேயே குழம்பிப்போய், "யாரும் கேக்கலையே" என்றாளாம்.

என் மேசைக்கு வந்து நின்றபோது அவள் குரல் தணிந்திருந்தது. அது அவளுக்குப் பொருந்தவே இல்லை.

"லீலண்ட், அக்கா இல்லாதவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

நான் அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த வருடம் அவளுக்கு அடிமேல் அடி. எக்ஸ்ரே படிப்புக்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஆள் எடுப்பார்கள், இடமும் சொற்பம், அதற்கு அல்ஜீப்ரா முடித்திருக்க வேண்டும். மூன்று படி ஏறி அவள் அல்ஜீப்ராவைத் தொடுவதற்குள் அந்த வருடச் சேர்க்கை போய்விட்டது. ஆலோசகர் அவசரத்தில் எழுதிக் கொடுத்த இரண்டு பாடங்கள் அந்தப் படிப்புக்குத் தேவையே இல்லாதவை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒரு ஆலோசகருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள். வரிசை என் மேசைவரை நிற்கும். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த வேலை என்று முடிவாகத் தெரிந்துகொண்டு போய் நின்றால் அந்தக் கால்மணி நேரத்தில் வேலை நடக்கும். "என்ன எடுக்கட்டும்" என்று கேட்டு நின்றால், காலியாக இருக்கிற வகுப்பில் தள்ளிவிடுவார்கள்.

வசந்த காலத்தில் உடற்கூறு வகுப்பில் சேர்ந்தாள். முதல் தேர்வுத் தாள் முழுக்கச் சிவப்பு மையாகத் திரும்பி வந்தது. அன்று என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் தாளை மடித்தும் விரித்தும் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர்கிட்டப் போய்க் கேக்கலாமே" என்றேன். அவளுக்கு அந்தப் பாடம் எடுத்தவர் டாக்டர் யான்சி.

"எப்படிப் போறது? கதவுல ஆபீஸ் நேரம்னு போட்டு ஒட்டியிருக்காங்க. செவ்வாய், வியாழன், பத்துலருந்து பன்னெண்டு. அந்த நேரத்துல அவங்களுக்கு வேலை இருக்கும். தொந்தரவு பண்ணாதேன்னுதான அதுக்கு அர்த்தம்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் முறைத்தாள்.

"ரோண்டா, அது நீ வர்றதுக்கான நேரம். உனக்காகத்தான் அவங்க கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"நிஜமாவா சொல்ற?"

"போன வாரம் அந்தப் பக்கம் ரோந்து போனப்ப பார்த்தேன். தனியா பிஸ்கட் தின்னுட்டு இருந்தாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை போனாள். டாக்டர் யான்சி சட்டென்று எழுந்து பிஸ்கட் துணுக்குகளைத் தட்டிவிட்டு, "வாங்க, வாங்க. இந்தப் பருவத்துல நீங்கதான் முதல் ஆள்" என்றிருக்கிறார். ரோண்டா எலும்புகளின் பெயரை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவர் அதை விடச் சொன்னார். சொந்த உடம்பில் தொட்டுத் தொட்டுப் படிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு சிவப்பு விளக்கில் பேருந்து நிற்கும்போதெல்லாம் ரோண்டா தன் தோளையும் முழங்கையையும் தடவி முணுமுணுத்தாள். பின்னால் இருந்த பிள்ளைகள் அவளுக்கு மூட்டுவலி என்று நினைத்து வீட்டிலிருந்து தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிகளுக்கு விடுமுறை. பேருந்துகள் ஓடாது. எங்கள் கல்லூரிக்குப் புது ஆட்கள் வரத் தொடங்குவதும் அப்போதுதான். ஒரு திங்கட்கிழமை காலை ரோண்டா மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து தேர்வறைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவன் டோபி. கூரை வேய்கிற வேலை. முகமெல்லாம் வெயிலில் வெந்து, முழங்காலில் தார் ஒட்டியிருந்தது. வெல்டிங் படிக்க வந்தவன்.

"தம்பி, நில்லு. டெஸ்டுக்கா?"

"ஆமா. சாப்பாட்டு நேரத்துல முடிச்சிட்டுப் போயிரலாம்னு."

"கடைசியா எப்போ கணக்குப் போட்ட?"

"கூரைக்குத் தினமும்தான் போடறேன்."

"நான் கேட்டது பேப்பர்ல."

அவன் தலையைச் சொறிந்தான். "ஸ்கூல்ல. அதுவும் சரியாப் போட்டேன்னு சொல்ல முடியாது."

"அப்ப இன்னிக்கு எழுதாத. எழுதினா ஒரு வருஷம் போயிடும், எனக்குப் போச்சு. நேரா லைப்ரரிக்குப் போ, மாதிரித் தாள் கேளு. கீழ்த்தளத்துல சொல்லிக்கொடுக்கிற ரூம் ஒண்ணு இருக்கு, காசு கிடையாது. பத்து நாள் வந்து உக்காரு. அப்புறம் ஒரு நாள் லீவு போட்டுட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, வந்து மெதுவா எழுது."

"நீங்க காலேஜ் ஆளா?"

"இல்ல. நான் பஸ் ஓட்டறவ."

டோபி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் நூலகத்துக்குப் போனான்.

அன்று அப்படி வந்த எல்லோரையும் அவள் நிறுத்தினாள். கைக்குழந்தையோடு வந்தவளுக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டு, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை பின்கட்டில் இருப்பதைச் சொன்னாள். அதற்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்றைக்கே பெயர் கொடு என்றாள். பெரிய பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வருடம் கழித்து மாறப்போகிறேன் என்று சொன்ன பெண்ணிடம், "அங்கயே போன் போட்டுக் கேளு கண்ணு. இங்க படிக்கிற எந்தப் பாடத்தை அவங்க ஏத்துப்பாங்கன்னு அவங்க வாயால சொல்லட்டும். இங்க இருக்கறவங்க சொல்றத நம்பி ரெண்டு வருஷத்தத் தொலைக்காத" என்றாள். ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பெரிய குடுவையில் இருந்தது. வந்தவர்களுக்கு அறிவுரையோடு ஒரு கோப்பையும் கிடைத்தது.

மாதம் முடிவதற்குள் சேர்க்கைப் பிரிவின் தலைவர் லண்ட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியான, கவலை முகம் கொண்ட மனிதர். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை வைத்துத்தான் மாநிலத்திலிருந்து கல்லூரிக்குப் பணம் வரும்; அது குறைந்தால் அவர் தலைதான் உருளும்.

"லீலண்ட், டெஸ்ட் ரூமே காத்து வாங்குது. அந்தம்மா வர்றவங்களையெல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்பறாங்களாமே?"

"தள்ளிப்போடச் சொல்றாங்க சார், அவ்வளவுதான்."

"தள்ளிப்போட்டவன் வேற எங்கயாவது போயிடுவான். நாற்காலிய எடுக்கச் சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். ரோண்டா சண்டை போடவில்லை.

"தாழ்வாரம் காலேஜுது, சரி. ரோட்டோர நடைபாதை யாருது?"

"கவுண்டியோடது, மாவட்ட நிர்வாகத்தோட இடம்."

"அப்ப அந்தக் குடுவையக் கொஞ்சம் தூக்கிட்டு வா. கனமா இருக்கு."

நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். காவலாளி ஒருவன், விரட்ட வேண்டிய ஆளுக்குச் சாமான் சுமந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் கல்லூரிச் சமையற்கட்டில் இன்றைக்கும் என்னைக் கேலி செய்வார்கள். நடைபாதையில் அவள் குடை ஒன்றை நட்டாள். கார்கள் திரும்புகிற இடம் அது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். இடம் முன்னைவிட வசதியாகிவிட்டது.

ஜூலையில் ஒருநாள் லண்ட் தானே வெளியே வந்தார். கொதிக்கிற வெயிலில் கோட்டோடு நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"மிஸஸ் ப்ரூயிட், உங்க நல்ல மனசு புரியுது. ஆனா அந்த டெஸ்ட் ஒருத்தருக்கு என்ன தெரியும்னுதான் அளக்குது. பத்து நாள்ல ஒருத்தர் மாறிட மாட்டாங்க."

"தெரிஞ்சது மறந்திருக்கும் சார். பத்து நாள்ல ஞாபகம் வந்துடும்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

ரோண்டா சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் கண் என்மேல் நின்றது.

"லீலண்ட் எழுதட்டும். இன்னிக்கு ஒரு தடவ, அப்படியே போய். பத்து நாள் என்கிட்ட விடுங்க. அப்புறம் இன்னொரு தடவ எழுதட்டும். ஒண்ணும் மாறலேன்னா நான் நாற்காலிய மடக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

"நான் எதுக்கு?" என்றேன். "எனக்கு அம்பத்தி ஏழு வயசாச்சு."

"அதனாலதான்" என்றாள்.

லண்டுக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று. என் மேசையில் வேறு ஆளை உட்காரவைத்து என்னை உள்ளே அனுப்பினார்கள். கணினித் திரையில் எக்ஸும் ஒய்யும் வரிசையாக வந்து நின்றன. ராணுவத்தில் இருந்தேன், வீடு கட்டியிருக்கிறேன், இரண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் திரைக்கு முன்னால் பாதிக் கேள்விகளுக்கு ஊகித்துத்தான் தட்டினேன். முடிவு அச்சாகி வந்தது: கீழ்ப்படி. பின்னத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றுமே தெரியாதவன் என்று யாரோ முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது. ஆகஸ்டில் வந்து நவம்பரில் காணாமல்போகிறவர்கள் எல்லோரும் இந்தத் தாளைத்தான் கையில் வைத்திருந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்து நாள் ரோண்டா என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சாப்பாட்டு வேளையில் கீழ்த்தள அறை, வேலை முடிந்ததும் அதே அறை. அங்கே சொல்லிக்கொடுக்க ஆட்கள் எப்போதும் இருந்தார்கள், கேட்கத்தான் யாரும் வந்ததில்லை. நடுவில் டோபியும் வந்து சேர்ந்தான். கூரையின் சரிவை வைத்து அவன் எனக்குச் சாய்வு என்றால் என்ன என்று விளக்கினான். எனக்குப் பின்னம் நன்றாகப் பிடிபட்டதும் அதை அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன்.

"லீலண்ட், கீழ இருக்கிற எண்ணு ஒண்ணா இல்லாம எப்படிக் கூட்டுற?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் ரோண்டா அதட்டினாள்.

"மறந்துட்டேன்."

"மறந்துட்டேன்னு சொல்றவங்கள நான் நடுவழியில இறக்கி விட்டுருவேன். மறுபடி போடு."

மறுபடி போட்டேன்.

இரண்டாவது தடவை எழுதிய அன்று அவசரமே படவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தேன். லண்ட் வெளியே நடந்துகொண்டிருந்தார். முடிவைத் தேர்வறைப் பெண் அவர் கையில்தான் கொடுத்தாள். பின்னத்தையும் அதற்கு மேற்படியையும் தாண்டி, அல்ஜீப்ராவுக்கு ஒரே படி கீழே வந்து நின்றிருந்தேன். இரண்டு பருவம், இரண்டு கட்டணம், பத்து நாளில் மிச்சம்.

லண்ட் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். ரோண்டா வாயைத் திறக்கவில்லை. ஜெயித்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

"என் பையன் இங்கதான் சேர்ந்தான்" என்றார் அவர் கடைசியில். "அவனும் இதை எழுதினான், ஒரே ஒரு தடவ. ரெண்டு பருவம் வந்தான். அப்புறம் 'அப்பா, எனக்கு மண்டையில ஏறல'ன்னு சொல்லிட்டு நின்னுட்டான். நானும் அப்படித்தான்னு நம்பிட்டேன்."

ரோண்டா ஒரு கோப்பையில் எலுமிச்சைச் சாறு ஊற்றி நீட்டினாள். "இப்ப எங்க இருக்கான்?"

"டோலிடோல. கிடங்குல சாமான் ஏத்தறான்."

"போன் பண்ணுங்க. சேர்க்கைக்கு வயசு பாக்கறதில்லைன்னு நீங்கதான எல்லாருக்கும் சொல்றீங்க."

அவர் போன் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே கல்லூரியில் விதி மாறியது. சேர வருகிற யாரும் அன்றைக்கே தேர்வு எழுதக் கூடாது. முதலில் மாதிரித் தாளும், கீழ்த்தள அறைக்கு வழியும், மறுதேர்வு உண்டு என்ற தகவலும் கொடுத்து, பிறகு ஒரு தேதி கொடுக்க வேண்டும். நாற்காலி தாழ்வாரத்துக்குத் திரும்பி வந்தது, கூடவே ஒரு மேசையும். ரோண்டாவுக்கு மாணவர் வேலை என்ற பெயரில் வாரத்தில் சில மணி நேரம் சம்பளம். தள்ளிப்போட்டவர்கள் வேறெங்கும் போய்விடவில்லை. பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். அந்த நவம்பரில், வேலைக்கு வந்த நான் கார் நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. அதற்காக எரிச்சல்படாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இத்தனைக்கும் நடுவில் அவள் அல்ஜீப்ராவை முடித்து, அடுத்த சேர்க்கையில் எக்ஸ்ரே படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்காணலில், இந்த வயதில் எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். "அழற பிள்ளைகள அசையாம உக்கார வெக்கிறதுதான் என் தொழிலே" என்றாளாம். இடம் கிடைத்தது.

ஆனால் அந்தப் படிப்பில் பகல் முழுக்க மருத்துவமனையில் பயிற்சி. பேருந்தை விட்டே ஆக வேண்டும். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போய்விடும். சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் சமையலறையில் நின்று அழுதாள் என்று டார்ரெல் பிறகு சொன்னார். அவர் அதுவரை சொந்தமாகத் தொழில் செய்துவந்தவர். காப்பீடு கிடைக்கும் என்பதற்காகப் பள்ளி நிர்வாகத்திலேயே பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். "ப்ரூயிட் குடும்பத்துல ஒருத்தராவது ஸ்கூல்ல இருக்கணும்ல" என்று சொல்லி அதையும் சிரிப்பாக்கிவிட்டார்.

பயிற்சியின் முதல் வாரம். மார்பில் அடிபட்ட விவசாயி ஒருவரைப் படம் பிடிக்க நிறுத்தி, "மூச்ச இழுங்க, அப்படியே பிடிங்க, விடக் கூடாது" என்று ரோண்டா சொன்னாள். பேருந்துக் குரல். வெளியே காத்திருந்தவர்கள், சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போனவன், பக்கத்து அறை நர்ஸ் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். "இப்ப விடலாம்" என்றதும் தாழ்வாரம் முழுக்கப் பெருமூச்சு. அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் அவளைத் தெரியாதவர் இல்லை.

கதிர்வீச்சு இயற்பியல் மட்டும் அவளை ஆட்டிவைத்தது. ஒரு தேர்வில் சறுக்கினாள். அன்று பெஞ்சில் உட்கார்ந்து தாளை மடிக்கவெல்லாம் இல்லை. சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியரின் அறைக்குப் போய், "சார், உங்க ஆபீஸ் நேரம் இது. நான் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு நகரப்போறதில்ல" என்று உட்கார்ந்தாள். பருவம் முடியும்வரை வாரா வாரம் போனாள். தேறினாள்.

பட்டமளிப்பு விழா மே மாதத்து ஒரு சனிக்கிழமை, உடற்பயிற்சிக் கூடத்தில். உள்ளே இடம் போதாது என்பதால் கார் நிறுத்தும் திடலிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். விழா தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு மஞ்சள் பேருந்து திடலுக்குள் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும். கவுண்டியின் பேருந்துகள் முக்கால்வாசி வந்து வரிசையாக நின்றன. முதல் வண்டியிலிருந்து டார்ரெல் தலையை நீட்டினார்.

"லீலண்ட், இங்க நிறுத்தலாமா?"

"கூடாது" என்றேன். "ஆனா நான் அந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கேன்."

உள்ளே பெயர்களைப் படித்தது லண்ட். கைதட்டலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். வெல்டிங் சான்றிதழ் வாங்க டோபி தார் இல்லாத கால்சட்டையில் மேடையேறினான். உடற்கூறு சொல்லிக்கொடுத்த டாக்டர் யான்சி ஆசிரியர் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அந்தப் பெயர் வந்தது.

"ரோண்டா ஜீன் ப்ரூயிட்."

வெளியே அத்தனை பேருந்துகளும் ஒரே நேரத்தில் ஒலியெழுப்பின. கூடத்தின் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. மேடை நடுவில் கருப்பு அங்கியோடு போன ரோண்டா அப்படியே நின்றுவிட்டாள். யார், எங்கிருந்து என்று ஒரு கணம் புரியவில்லை அவளுக்கு. புரிந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கூடமே எழுந்து நின்றது.

லண்ட் காத்திருந்தார். ஒலி அடங்கியதும் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"சத்தத்துல சிலருக்குக் கேட்டிருக்காது. மறுபடி படிக்கிறேன்" என்று அந்தப் பெயரை இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திப் படித்தார். பேருந்துகள் இன்னொரு தடவை முழங்கின. அவரே கைதட்டினார்.

விழா முடிந்ததும் அவள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திடலுக்கு ஓடினாள். அவளை முதல் பேருந்தில் ஏற்றிக்கொண்டு எல்லா வண்டிகளும் வரிசையாக ஊருக்குள் போயின. சனிக்கிழமை எதற்குப் பள்ளிப் பேருந்து ஓடுகிறது என்று முடிதிருத்தும் கடையிலிருந்து பாதி வெட்டிய தலையோடு ஒருவர் வெளியே வந்து பார்த்தார். ஜன்னல் வழியே கையை ஆட்டிக்கொண்டு போனாள் ரோண்டா. ஜூலையில் தொழில் உரிமத் தேர்வு எழுதி, முதல் தடவையிலேயே தேறினாள். கவுண்டி மருத்துவமனையில் அதிகாலைப் பணி கொடுத்தார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் எழுந்து பழக்கம்.